வெந்நீரும் மோட்டாரும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கடற்கரை வீதி உப்புவெளியைக் கடந்து சாம்பல்தீவை அடைகிறது. அங்கிருந்து நிலாவெளி, குச்சவெளி என நீண்டு புல்மோட்டையை எட்டுகிறது. சாம்பல்தீவுக்குத் தென்மேற்கே சில மைல் தொலைவில் உள்ளவை கன்னியா வெந்நீர்க் கிணறுகள். கிணறுகள் ஏழு, ஒன்றன் நீரைப் போல் மற்றொன்றன் நீர் இராது, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவான சூடு உடையது. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தை வாளாற் குத்தியபோது பிறந்த ஊற்றுக்கள் இவை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எதுவாயினும் அங்கு நீராடச் செல்வோருக்கு ஓர் உண்மை கண்கூடு. விறகில்லை, எண்ணெயில்லை, மின்சாரமில்லை; நீரோ சூடாக இருக்கிறது. நிலத்தின் ஆழத்திலிருந்து வெப்பம் தானாகவே மேலே வந்து சேர்கிறது.

மற்ற இடங்களில் வெப்பத்தை விலை கொடுத்தே வாங்க வேண்டும். வெயிலுக்குக் குறைவில்லாத இக்கரையோரத்தில் வீட்டைச் சூடாக்குவது பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இம்மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்று ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உறவினர் இருக்கின்றனர். அவ்வூர்களில் மாரிகாலத்தில் அறையைச் சூடாக்காமல் உயிர் வாழ்தல் அரிது. ஐரோப்பிய வீடுகளிற் செலவாகும் ஆற்றலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அறைகளைச் சூடாக்குவதற்கே போகிறது. நெடுங்காலமாக இதற்கு நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்து வந்தனர். எரித்ததன் புகை வானத்தை அடைந்தது. அதன் பலனைப் பனி நாட்டாரோடு கடற்கரை நாட்டாரும் சேர்ந்தே அனுபவிக்கின்றனர்.

எரிக்காமல் வெப்பம் பெறும் வழி ஒன்று உண்டு. அதனை வெப்பப் பம்பி என்பர். பெயர் புதிதாயினும் பொருள் புதிதன்று. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டார் அதன் பின்புறத்தில் கை வைத்துப் பார்க்கட்டும். அங்கே சூடு தெரியும். பெட்டியின் உள்ளே இருந்த வெப்பம் அள்ளப்பட்டு வெளியே கொட்டப்படுகிறது. இதே இயந்திரத்தைத் திருப்பி வைத்தால் என்ன? வெளியிலுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை அள்ளி வீட்டினுள்ளே கொட்டலாம். குளிர்ந்த காற்றில் வெப்பம் ஏது என்று கேட்கலாம். பனி உறையும் காற்றிலும் வெப்பம் உண்டு; அதனினும் குளிர்ந்த ஒரு திரவத்தை அதனருகே ஓடவிட்டால் அத்திரவம் அவ்வெப்பத்தைப் பருகி ஆவியாகும். அந்த ஆவியை அமுக்கினால் அதன் சூடு உயரும். உயர்ந்த சூட்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அது மீண்டும் திரவமாகித் தன் வழியே திரும்பும். கெல்வின் பிரபு என்று பின்னர் அழைக்கப்பட்ட வில்லியம் தொம்சன் 1852 ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை எழுதி வைத்தார். 1938 ஆம் ஆண்டில் சூரிச் நகர மண்டபம் அருகில் ஓடும் ஆற்றின் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துச் சூடாக்கப்பட்டது. இன்று நோர்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் வெப்பப் பம்பி இருக்கிறது.

இதன் சிறப்பு கணக்கில் உள்ளது. ஒரு கிலோவாட் மின்சாரத்தை நேரே கம்பிச் சுருளிற் செலுத்தி நீரைக் கொதிக்க வைத்தால் ஒரு கிலோவாட் வெப்பமே கிடைக்கும். அதே மின்சாரத்தை வெப்பப் பம்பிக்குக் கொடுத்தால் மூன்று அல்லது நான்கு கிலோவாட் வெப்பம் வந்து சேரும். மின்சாரம் இங்கு வெப்பமாக மாறும் பொருள் மட்டுமன்று. வெப்பத்தைச் சுமந்து வரும் கூலியாளும் ஆகும். நிலாவெளிக் கரையிலுள்ள விடுதிகளுக்கு வேண்டிய குளியல் வெந்நீர், மருத்துவமனைச் சலவைக்கு வேண்டிய வெந்நீர், மழைக்காலத்தில் மீனை உலர்த்தக் கூடிய உலர்ந்த வெங்காற்று ஆகிய எல்லாவற்றையும் இவ்வழியிற் பெறலாம். குளிர் நாட்டில் உயிர்த் தேவையாக இருப்பது இங்கே செலவுக் குறைப்பாக உதவும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒருவர் கேட்க வேண்டும். திருகோணமலைக் குடாவின் மறுகரையிலே சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் ஒன்று எழுப்ப இருந்தனர். 2016 ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் மாதத்தில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான வேலை தொடக்கி வைக்கப்பட்டது. மின்சாரம் தூய்மையாகுந்தோறும் வெப்பப் பம்பியும் தூய்மையாகும்.

வெப்பப் பம்பியின் உள்ளே வேலை செய்வது எது? ஆவியை அமுக்கும் அமுக்கி. அந்த அமுக்கியைச் சுழற்றுவது ஒரு மின்மோட்டார். வெளியே காற்றை இழுக்கும் விசிறிக்கு மற்றொரு மோட்டார். நீரைச் சுற்றவிடும் பம்பிக்கு இன்னொன்று. பெட்டி பளபளப்பாக இருப்பதும், கைத்தொலைபேசியால் அதனை இயக்க முடிவதும் விற்பனைக்கு உதவும். ஆனால் வாங்கியவர் செலுத்தும் மின்கட்டணத்தையும், அவர் இரவில் நித்திரை கொள்வாரா என்பதையும், பத்தாண்டுக்குப் பின் அப்பெட்டி இயங்குமா என்பதையும் தீர்மானிப்பது மோட்டாரே. ஆகவே வெப்பத் துறையிற் புதிதாகத் தொடங்கும் தொழிலகங்கள் பல, மோட்டாரைக் கடையில் வாங்குவதா, தாமே உருவாக்குவதா என்ற கேள்வியின்முன் வந்து நிற்கின்றன. தாமே உருவாக்குவது என்று முடிவு செய்தால், அவ்வேலையை ஒழுங்குபடுத்தி நடத்தும் பொறுப்பு ஒருவர் தலையில் விழுகிறது. அவரைத் திட்டப் பொறுப்பாளர் என்று வைத்துக் கொள்ளலாம். அவருடைய வேலை எத்தகையது?

இதற்கு விடை காணத் தமிழர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோயம்புத்தூர் வரை போனாற் போதும். நீலகிரி மலையிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் 1932 ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கியது. கம்பிகள் கோயம்புத்தூருக்கு வந்தன. அவ்வட்டாரம் ஆறு பாயாத கரிசலும் செம்மண்ணும் மிகுந்தது, கிணறுகள் ஆழமானவை, கவலை இறைத்து மாடுகளும் மனிதரும் களைத்துப் போன நிலம். மின்சாரம் வயலருகே வந்த பின்னும் மாடு இறைக்க வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் மோட்டார்கள் கடல் கடந்து வந்தன. விலையும் உழவனுக்கு எட்டாதது. இந்நிலையிலே டி. பாலசுந்தரம் நாயுடுவும், பேருந்துத் தொழிலில் முன்னரே பெயர் பெற்றிருந்த ஜி. டி. நாயுடுவும் பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் என்ற தொழிலகத்தை நடத்தி 1937 ஆம் ஆண்டில் மோட்டார் ஒன்றை உருவாக்கினர். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவது அதுவே.

இன்றைய சொல்லிற் கூறினால் அதுவும் ஒரு புதுத் தொழில் முயற்சிதான். அதனைச் சுற்றி என்ன இருந்தது என்பதே கவனிக்கத் தக்கது. இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறைகள் அவ்வூரில் ஏற்கெனவே இருந்தன. பஞ்சாலைகளின் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பழகிய கடைசல்காரர் இருந்தனர். 1926 ஆம் ஆண்டு முதல் பி. எஸ். ஜி. தொழிற்பயிற்சி நிலையம் இளைஞரைப் பயிற்றி வந்தது. மோட்டாரை வேண்டி நின்ற உழவர் பக்கத்து வயலிலேயே இருந்தனர். பழுதானால் மறுநாளே தோளிற் சுமந்து கொண்டு வந்துவிடக் கூடியவர்கள். மோட்டார் அறிவு ஒருவர் தலையிற் பிறந்தது என்று சொல்வது புகழ்ச்சிக்கு உதவும். உண்மையில் அது ஓர் ஊரிற் பிறந்தது. கோயம்புத்தூர் இன்றும் பம்புகளின் ஊராக விளங்குவதன் காரணமும் அதுவே.

அண்மைக்காலத்து உதாரணம் மும்பாயில் உண்டு. இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற மனோஜ் மீனா, சிபப்ரத தாஸ் என்னும் இருவர் 2012 ஆம் ஆண்டில் அட்டாம்பர்க் என்னும் தொழிலகத்தைத் தொடங்கினர். அவர்கள் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட கூரை விசிறியில் இருந்தது தூரிகையற்ற காந்த மோட்டார். வழக்கமான விசிறி ஏறக்குறைய 75 வாட் எடுக்கும் இடத்தில் அது 28 வாட் எடுத்தது. நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழலும் வீட்டில் ஓர் ஆண்டுக்கு 250 அலகுக்கு மேல் மிச்சம். இவ்வகை மோட்டார் புதிதன்று. வில்சன், டிரிக்கி என்னும் இரு பொறியியலாளர் 1962 ஆம் ஆண்டிலேயே அதன் வழியைக் காட்டியிருந்தனர். பழைய மோட்டாரில் சுழலும் பாகத்திலும் மின்னோட்டம் பாய்ந்து ஒரு பங்கு ஆற்றலை வீணே சூடாக்கிக் கழிக்கும். புதியதில் சுழலும் பாகம் நிலைக்காந்தம். அங்கே மின்னோட்டம் வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்க ஒரு மின்னணுச் சுற்று வேண்டும். அந்தச் சுற்று மலிவான பின்னரே அறுபதுகளின் கருத்து வீட்டுக் கூரைக்கு ஏறிற்று.

இனித் திட்டப் பொறுப்பாளரின் மேசைக்கு வரலாம். அவர் முதலிற் செய்ய வேண்டியது தேவையை எழுதுவது. நல்ல மோட்டார் வேண்டும் என்பது தேவை அன்று, அது ஆசை. எவ்வளவு முறுக்கு விசை, எந்த வேகத்தில், எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில், எந்த மின்னழுத்தத்தில் என்று எண்ணால் எழுத வேண்டும். இவற்றில் இடத்தின் இயல்பும் அடங்கும். பட்டியலில் 230 வோல்ட் என்று இருக்கலாம். மின்மாற்றிக்குத் தொலைவிலுள்ள ஊரில் மாலை வேளையில் 180 வோல்ட்டே வந்தால் மோட்டார் என்ன செய்யும்? 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. நின்ற மின்சாரம் திரும்பும் கணத்தில் அழுத்தம் துள்ளும். அத்துள்ளலை மின்னணுச் சுற்றுத் தாங்குமா? சாம்பல்தீவு போன்ற கடலோரத்தில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. வெளி விசிறியின் மோட்டார் உப்புப் புகையிற் சோதிக்கப்பட்டதா? ஒஸ்லோவின் பனிக்கு வகுத்த மோட்டார் இக்கரைக்கு ஏற்றது என்று எண்ணுவது, கம்பளிச் சட்டையை இங்கே விற்க முயல்வது போன்றது.

தேவை எழுதப்பட்டதும் கைகலப்புத் தொடங்கும். கை என்றது கணக்கை. மோட்டார் வகுப்போர், மின்னணுச் சுற்று வகுப்போர், அமுக்கி செய்வோர், பொருள் வாங்குவோர் என நான்கு கூட்டத்தார் இருப்பர். ஒருவரது சிக்கனம் மற்றவருக்குச் செலவு. வாங்குவோர் செம்பு விலை ஏறிவிட்டது என்று சிறிது மெல்லிய கம்பியைக் கேட்பார். மெல்லிய கம்பியின் மின்தடை அதிகம். ஆகவே சுருள் கூடச் சூடாகும். சூடான செம்பின் தடை மேலும் உயரும். ஒரு பாகைக்கு நூற்றில் 0.4 பங்கு அளவு. சூடு ஏறினால் கம்பியின் மேலுள்ள காப்புப் பூச்சு விரைவில் முதுமை அடையும். சுருளின் சூடு 10 பாகை உயர்ந்தால் காப்பின் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார்த் தொழிலார் நெடுங்காலமாகக் கையாளும் விதி. ஆக, கம்பியில் மிச்சம் பிடித்த சில ரூபாய்கள் எட்டாம் ஆண்டில் வாங்கியவரின் வீட்டில் செலவாக வெளிப்படும். அந்நாளில் அந்தக் கொள்முதல் அதிகாரி வேறு வேலையில் இருப்பார். இந்தத் தொடரை முன்கூட்டியே எல்லாருக்கும் ஒரே தாளில் காட்டுவதுதான் திட்டப் பொறுப்பாளரின் பணி. நாட்களை நிறந்தீட்டிச் சுவரிலே தொங்கவிடுவது எளிது. பல அலுவலகங்கள் அதையே நிருவாகம் என்று கருதுகின்றன.

அடுத்தது மாதிரி செய்வது. மோட்டாரின் உடல் மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்யப்படுகிறது. தகடு அரை மில்லிமீற்றர் தடிப்போ அதற்கும் குறைவோ இருக்கும். ஆயிரக்கணக்கில் செய்யும்போது தகடுகளை அச்சினால் வெட்டுவர். அச்சுச் செய்யப் பல மாதங்களும் பெருந்தொகையும் வேண்டும். ஆகையால் முதல் மாதிரிகளுக்கு லேசர்க் கதிரினால் வெட்டுவர். இங்கேதான் பழகாதவர் ஏமாறுவர். லேசர் வெட்டிய விளிம்பு சூட்டினாற் பாதிக்கப்பட்டுக் காந்த இயல்பு கெடுகிறது. அச்சு வெட்டிய விளிம்பும் நசுங்கி வேறு விதமாகக் கெடுகிறது. ஆகவே மாதிரியின் இழப்பும் உற்பத்தியின் இழப்பும் ஒன்றல்ல. சுருள் சுற்றுவதும் அப்படியே. தேர்ந்த கைகாரர் ஒருவர் இடுக்கு விடாமற் கம்பியை நிரப்பிச் சுற்றிவிடுவார். நாளைக்கு அந்த வேலையைச் செய்யப்போகும் இயந்திரத்தின் ஊசிக்குப் போகவர இடம் வேண்டும். அதனால் அவ்வளவு கம்பியை அடைக்க முடியாது. கைகாரரின் திறமையால் மாதிரி மோட்டார் தேர்வில் முதல் மதிப்பெண் பெறும். பின்னர்த் தொழிற்சாலையில் பிறப்பதோ அதன் தம்பி. அண்ணனின் மதிப்பெண் தம்பிக்கு உதவாது.

இவ்வித்தியாசத்தைத் தெரிந்த பொறுப்பாளர் மாதிரிகளை ஒரே வகையாகச் செய்விக்க மாட்டார். முதல் மாதிரி கணக்குச் சரியா என்று காணச் செய்யப்படுவது. இரண்டாவது, உண்மைப் பொருள்களைக் கொண்டு செய்யப்படுவது. மூன்றாவது, உற்பத்திக்கான அச்சிலும் இயந்திரத்திலும் பிறப்பது. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு விடை. விடை கிடையாத மாதிரி, எவ்வளவு அழகாகச் சுழன்றாலும், காட்சிப் பொருளே. முதலீட்டாளர் வந்து பார்த்துக் கைதட்டிப் போவதற்காக மட்டும் செய்யப்படும் மாதிரிகளும் உண்டு. அவற்றில் செலவான நாட்கள் பின்னர்ச் சோதனைக் காலத்திலிருந்தே பிடிக்கப்படுகின்றன.

சோதனைக் காலம் என்பதே இத்தொழிலின் உயிர்நிலை. மோட்டார் வாகனம் ஒன்று 2,50,000 கிலோமீற்றர் ஓடி உழைத்துத் தேய்கிறது என்று கொள்ளலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அது ஓடியது 5,000 மணி நேரமே. குளிர் நாட்டு வெப்பப் பம்பி ஆண்டுக்கு 4,000 மணி நேரம் இயங்கி 15 ஆண்டுகள் வாழ வேண்டுமானால் 60,000 மணி நேரம் ஆகிறது. வாகனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அதுவும் அமுக்கியின் மூடிய உருக்குக் கூட்டினுள்ளே எண்ணெயிலும் குளிர்வாயுவிலும் ஊறியபடி இயங்கும் மோட்டார். திறந்து பார்க்க வழியில்லை. 60,000 மணி நேரத்தை ஓயாமல் ஓட்டிச் சோதிப்பதானால் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் வேண்டும். புதுத் தொழிலகத்தின் கையிலுள்ள பணமோ பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கே போதும்.

இம்முடிச்சை அவிழ்க்க முன்சொன்ன பத்துப் பாகை விதியே உதவுகிறது. காப்பின் ஆயுளை அறிய வேண்டுமானால் சுருளை வழக்கத்தினும் 30 பாகை கூடுதலான சூட்டில் வைக்கலாம். ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் பாதி. மும்முறை பாதியாக்கினால் எட்டில் ஒன்று. ஏழு ஆண்டு வேலை பத்து மாதத்தில் முடிகிறது. ஆனால் இது காப்புக்கு மட்டுமே பொருந்தும். பேரிங்கின் தேய்வு வேறு விதிப்படி நடக்கும். மின்னணுச் சுற்றின் கூறுகளுக்கு வேறு விதி. இன்னொரு தந்திரமும் இதில் உண்டு. வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் கொடுக்கும் மின்சாரத்தில் நுண்ணிய துடிப்புக்கள் இருக்கும். அவை அச்சின் வழியே பேரிங்குக்குள் பொறியாகப் பாய்ந்து, குண்டுகள் ஓடும் பாதையில் சலவைப் பலகை போன்ற வரிகளைக் கீறிவிடும். சூட்டுச் சோதனையில் வென்ற மோட்டார் இதிலே தோற்கலாம். ஆகவே ஒரு சோதனை முடிந்தபின் அடுத்தது என்று வரிசையில் நிற்க வைத்தால் காலம் போதாது. குறையுள்ள இரண்டாம் மாதிரியைக் கொண்டே நீண்ட சோதனைகளைத் தொடங்கிவிட வேண்டும். அதில் அறிந்தது மூன்றாம் மாதிரிக்கு எவ்வளவு பொருந்தும் என்று மதிப்பிடுவது தீர்ப்புக்குரிய விடயம், சூத்திரத்துக்கு உரியதன்று. வேலை அறிந்தவர் சொல்லுக்கும் கணக்கப்பிள்ளை சொல்லுக்கும் நடுவே பொறுப்பாளர் தனித்து நிற்கும் நேரம் இதுவே. பத்து மாதச் சோதனையை ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டுச் சந்தைக்குப் போகலாமே என்று ஒருவராவது சொல்வார். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும்: பணம் தீர்ந்தால் மோட்டாரும் இல்லை, தொழிலகமும் இல்லை. அப்போது செய்யத்தக்கது ஒன்றே: ஆறு மாதத்தில் அறிந்தது எது, அறியாதது எது என எழுதி வைத்து, அறியாததன் அளவுக்கு விற்பனையைச் சுருக்கிக் கொள்வது. ஆயிரம் வீடுகளுக்குப் பதில் ஐம்பது வீடுகள். அதுவும் பழுது பார்ப்பவர் ஒரு மணி நேரத்திற் போய்ச் சேரக்கூடிய வீடுகள். பீளமேட்டின் பக்கத்து வயல் உழவரைப் போல.

ஒலி பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டாரின் காந்தத் துருவங்களின் எண்ணிக்கையும் தகட்டிலுள்ள காடிகளின் எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால் ஒரே சுருதியில் ஓர் இரைச்சல் பிறக்கும். அளவிற் சிறிதாயினும் காது அதனை விடாது. பக்கத்து வீட்டார் முறையிடுவர். இக்குறை காகிதத்தில் வரையும் நாளில் ஒரு மணி நேர வேலையால் தீரும். அச்சு வெட்டிய பிறகு தெரிந்தால் அச்சையே எறிய வேண்டும்.

இனிக் காந்தத்தின் கதை. சிறிய மோட்டாரில் பெரிய ஆற்றல் அடங்கியது 1980-களில் பிறந்த நியோடிமியக் காந்தத்தினால். யப்பானில் சாகாவாவும் அமெரிக்காவில் குரோட்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அதனைக் கண்டனர். இக்காந்தத்துக்குச் சூடு பகை. சூட்டைத் தாங்க டிஸ்புரோசியம் என்னும் அரிய மண்ணுலோகத்தைச் சிறிது சேர்ப்பர். இவ்வுலோகங்களைப் பிரித்தெடுக்கும் தொழில் பெரும்பாலும் சீனாவிலேயே நடக்கிறது. 2025 ஏப்ரலில் சீன அரசு டிஸ்புரோசியம் உட்பட ஏழு அரிய மண்ணுலோகங்களின் ஏற்றுமதிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று விதித்தது. சில வாரங்களில் வேறு நாடுகளிலுள்ள வாகனத் தொழிற்சாலைகள் சில, காந்தம் வந்து சேராமையால் சில காலம் வேலையை நிறுத்தின. பெருந்தொழிலகங்களுக்கே அக்கதி, களஞ்சியத்தில் ஒரு மாதக் காந்தம் வைத்திருக்கும் சிறு தொழிலகத்தின் கதி என்ன?

முன்யோசனை உள்ளவர் தொடக்கத்திலேயே இரண்டாம் வழி ஒன்றை வகுத்து வைப்பர். இரும்பின் ஒட்சைட்டிலிருந்து செய்யும் பெரைற்றுக் காந்தம் மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் அதன் ஆற்றல் நியோடிமியத்தின் பத்தில் ஒரு பங்கு அளவே, மோட்டார் பருத்துவிடும். விசித்திரம் ஒன்று: நியோடிமியம் சூட்டில் வலி இழக்கும், பெரைற்றோ கடுங்குளிரில் எதிர்க்காந்தத்தைத் தாங்கும் வலியை இழக்கும். எனவே நோர்வேயில் பனிக்காலையில் புறப்படும் விசிறிக்கு ஒரு கவலை, நிலாவெளி நண்பகலில் ஓடும் அமுக்கிக்கு மற்றொரு கவலை. காந்தமே இல்லாமல் உருக்கின் வடிவத்தினால் மட்டும் இயங்கும் மோட்டார்களும் உள்ளன. இவற்றில் எதனை வைத்துக் கொள்வது என்பதை, கப்பல் வராத நாளில் ஆலோசித்துப் பயனில்லை.

இவ்விடத்தில் சாம்பல்தீவு வீதியின் வடமுனையை நினைக்கத் தோன்றுகிறது. புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்கன் ஆகியவற்றோடு மொனசைற்றும் சிறிதளவு உண்டு. மொனசைற்று என்பது அரிய மண்ணுலோகங்களின் தாது. அம்மணலை எடுக்கும் தொழிலுக்காக இலங்கைக் கனியமணற் கூட்டுத்தாபனம் 1957 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் தென்கோடியில் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறையிலும் இத்தகைய மணல் உள்ளது. 1952 ஆம் ஆண்டிலேயே ஆலுவாயில் மொனசைற்றிலிருந்து அரிய மண்ணுப்புக்களைப் பிரிக்கும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. மணல் கையில் இருப்பது வேறு. மணலிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம், காந்தத்திலிருந்து மோட்டார் என்று படி ஏறுவது வேறு. ஒவ்வொரு படியிலும் பொருளின் விலை பெருகுகிறது. கீழ்ப்படியில் நிற்கும் ஊர் மணலைக் கப்பலேற்றிவிட்டு மோட்டாரை இறக்குமதி செய்கிறது. மொனசைற்றில் கதிரியக்கம் உடைய தோரியமும் கலந்திருத்தலால் அப்படிகளில் ஏறுவது ஆபத்தில்லாத காரியமும் அன்று. கடலோரத்து மக்களின் நிலமும் மீன்பிடியும் அக்கணக்கிற் சேர வேண்டியவை.

இத்தனை பேர் வேலையும் ஒன்றுசேரும் இடம் மாற்றப் பதிவேடு என்னும் ஒரு சாதாரணப் புத்தகம். கம்பியின் தடிப்பு மாறினால், காந்தம் தருபவர் மாறினால், பூச்சின் பெயர் மாறினால், யார் மாற்றினார், ஏன் மாற்றினார், எந்தச் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும் என்று அதில் எழுதப்படுகிறது. புதுத் தொழிலகத்து இளைஞர் இதனைக் கந்தோர் வேலை என்று வெறுப்பர். இருபது பேர் ஒரே அறையில் இருக்கும்வரை பேச்சே போதும் என்பர். உற்பத்தி மூவாயிரம் மைலுக்கு அப்பால் நடக்கும்போது பேச்சு அங்கே போய்ச் சேர்வதில்லை, புத்தகம் சேர்கிறது.

விற்றபின் திரும்பிவரும் மோட்டார்களை என்ன செய்வது? சில தொழிலகங்கள் புதியதைக் கொடுத்துப் பழையதை எறிந்துவிடுகின்றன. வாங்கியவர் மகிழ்கிறார், தொழிலகம் ஒன்றும் கற்பதில்லை. அறிந்தோர் அதன் கூட்டை அறுத்துத் திறப்பர். சுருள் முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் நீண்டகாலச் சூடு. ஓரிடத்தில் மட்டும் கருகியிருந்தால் சுற்றும்போது கம்பியின் பூச்சு கீறுபட்டது. பேரிங்கில் வரிகள் இருந்தால் இன்வெர்ட்டரின் பொறி. தகட்டின் விளிம்பில் துரு இருந்தால் உள்ளே ஈரம் புகுந்தது. எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் ஓடிய மோட்டார் என்ற குறிப்போடு அது அலமாரியில் வைக்கப்படும். அடுத்த மோட்டாருக்கான தேவையை எழுத உட்காரும்போது முதலிற் கீழே இறக்கப்படுவது அந்த அலமாரிப் பெட்டிகளே.